கண்ணால் உப்பு பார்க்கிறவர்

"கரண்டிய நக்கிப் பாக்கிறவனையெல்லாம் நான் சமையக்காரன்னே ஒத்துக்கமாட்டேன். கண்ணால பாத்தா உப்பு தெரியணும். நாக்கு திங்கறதுக்கு. கண்ணுதான் சமைக்கறதுக்கு."

இதைச் சொல்லிக்கொண்டே கவுஸ் பாய் நோன்புக் கஞ்சிக் கொப்பரைக்குள் எட்டிப் பார்த்தார். லப்பைக்குடிக்காட்டுப் பள்ளிவாசலின் பின்பக்கம், ரமலான் மாதம் முழுவதும் பிற்பகலில் இந்தக் காட்சி உண்டு. கஞ்சி காய்ச்சுகிறவர் நோன்பு, கிண்டுகிறவர் நோன்பு, சும்மா நிற்கிறவர்களும் நோன்பு. நாக்கில் வைத்துப் பார்க்க ஒரு நாதியும் இல்லாத அந்த நேரத்தில், கவுஸ் பாய் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கொப்பரையில் எழும் குமிழிகளை ஒரு வைத்தியரின் கவலையோடு ஆராய்வார். "ஒரு கை உப்பு போடு" என்பார். போடுவார்கள். அந்தியில் மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் குடித்தால் கஞ்சி அபாரமாக இருக்கும். விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் படாத தொண்டைக்கு எந்தக் கஞ்சிதான் உப்புக் குறைவாகத் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. இப்படியாக, சோதித்துப் பார்க்க வழியில்லாத மாதத்தில் அவர் புகழ் வளர்ந்து, மீதி மாதங்களில் வாடாமல் இருந்தது.

அவர் சவுதியின் தம்மாமில் ஓர் அரபி வீட்டில் பதினாலு வருடம் இருந்தவர். சமையல்காரராக அல்ல, டிரைவராக. இதை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை என்பதை அவருக்கு நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அரபியம்மா எப்போது வண்டியை எடுக்கச் சொல்வாள் என்று தெரியாது. ஆகவே சாவியை விரலில் சுழற்றியபடி அடுப்படி வாசலில் நிற்பது அந்த உத்தியோகத்தில் பாதி. உள்ளே ஒரு எகிப்துக்காரர் வறுப்பார், கிண்டுவார், வேகவைப்பார். டிரைவர் உள்ளே வரக்கூடாது. எதையும் தொடக்கூடாது. டிரைவருக்குச் சோறு தனி. ஆக, அந்த வீட்டுச் சமையல் மொத்தத்தையும் கவுஸ் பாய் பார்த்தே கற்றார். தின்று கற்க வாய்ப்பே வரவில்லை. எட்டாத பண்டத்தை 'வேண்டாத பண்டம்' என்று அறிவித்துவிடுவதில் ஒரு மரியாதை இருக்கத்தான் செய்கிறது.

வளைகுடாவிலிருந்து ஒரேயடியாகத் திரும்பியவருக்கு ஊரில் இரண்டு வேலைகள் காத்திருக்கும். ஒன்று, பள்ளிவாசல் தூணில் சாய்ந்து உட்கார்வது. மற்றது, வீட்டில் பெண்டுகள் செய்வதைத் திருத்துவது. முதல் வேலைக்குப் போட்டி அதிகம். கவுஸ் பாய் இரண்டாவதை எடுத்துக்கொண்டார். தம்மாமில் நின்ற பழக்கத்தில், சொந்த வீட்டு அடுப்படியிலும் நிலைப்படியைத் தாண்டாமல் நின்றபடியே ஓட்டினார். "அடுப்ப செகண்டு கியருக்குக் கொண்டா." "வெங்காயம் செவந்துருச்சு, பிரேக்கு போடு." "லெஃப்டுல ஒடிச்சுக் கிண்டு, ஒடிச்சு!"

அவர் மனைவி ஜுலைகா திரும்பிப் பார்க்காமலே பதில் சொல்லுவாள். "வண்டிய ஓரமா நிறுத்திட்டு வந்து இந்தப் பூண்ட உரிங்க."

அது அவர் காதில் விழாது. பெரிய வண்டி ஓட்டியவர்களுக்குப் பின்னால் வரும் ஹாரன் சத்தம் கேட்பதில்லை.

இவ்வளவு திறமையும் வீட்டுக்குள் வீணாகிக்கொண்டிருந்த நேரத்தில்தான் சம்பந்தி அஸ்ஃபாக் வாய்த்தார். பெரம்பலூரில் அரிசி மண்டி வைத்திருப்பவர். அவர் மகன் அத்னானுக்குத்தான் கவுஸ் பாயின் மகள் ஆஃப்ராவைக் கொடுத்திருந்தது. நாலு வழிச்சாலை வரப்போகிறது என்ற பேச்சு எழுந்ததுமே அஸ்ஃபாக் பாடாலூரில் ரோட்டோரமாக ஓர் இடம் பிடித்து ஓட்டலுக்குக் கொட்டகை போட்டுவிட்டார். திருச்சிக்கும் சென்னைக்கும் போகிற கார்க்காரர்கள் இறங்கிச் சாப்பிட வேண்டும். பரோட்டா, பிரியாணியோடு வேறெங்கும் கிடைக்காத அரபு அயிட்டம் ஒன்று இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அடுப்படிப் பொறுப்பு யாருக்கு என்பதுதான் முடிவாகவில்லை. திருச்சியில் ஒரு மாஸ்டர் தயாராக இருந்தார்.

"மாஸ்டர் எதுக்கு சம்பந்தி?" என்றார் கவுஸ் பாய். "பெருநாள் ராத்திரி நம்ம வூட்டுக்கு வாங்க. மக்ரோனா செய்யறேன். ஒரு வாய் வையுங்க. அப்புறம் சொல்லுங்க."

"பாப்போம்" என்றார் அஸ்ஃபாக். அரிசியைப் பல்லில் கடித்துப் பார்த்தே விலை சொல்லிப் பழகியவர். வேறெதற்கும் சட்டென்று வாய் திறக்கமாட்டார்.

கவுஸ் பாய்க்கு அந்தப் 'பாப்போம்' தூக்கத்தைக் கெடுத்தது. அடுப்படிப் பொறுப்பு கிடைத்தால் காலையில் கிளம்பிப் போக ஓர் இடம் இருக்கும். "கவுஸ் எங்க?" என்று யாராவது கேட்டால், "வேலைக்குப் போயிருக்காரு" என்று ஜுலைகா சொல்லலாம். திரும்பி வந்த நாளிலிருந்து அவள் "இங்கதான் எங்கியாச்சும் இருப்பாரு" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது அவருக்குத் தெரியும்.

மக்ரோனா என்பது யாதெனில்: குழல் குழலான சேமியாவை வேகவைத்துத் தட்டில் பரப்பி, அதன்மேல் வதக்கிய கொத்துக்கறியை நிரப்பி, மறுபடி சேமியாவால் மூடி, மைதாவையும் வெண்ணெயையும் பாலில் கரைத்துக் காய்ச்சிய வெள்ளைக் கூழை மேலே ஊற்றி, அதற்கும் மேலே சீஸைத் துருவித் தூவி, மேல்தோல் பொன்னிறமாகும்வரை ரொட்டி அடுப்புக்குள் வைத்து எடுப்பது. இதைக் கேட்டுவிட்டு ஜுலைகா சொன்ன ஒரே கருத்து: "கறிய சேமியாக்குள்ள ஒளிச்சு வெக்கிறதுக்கு இம்புட்டுப் பாடா?"

சாமான்களெல்லாம் தம்மாமிலிருந்து ஊர் திரும்பிய ஒருவர் பெட்டியில் வந்து சேர்ந்தன. குழல் சேமியா, நீல டப்பாவில் சீஸ், அப்புறம் பால் டப்பாக்கள். பெருநாள் மத்தியானம் பிரியாணி முடிந்து ஊர் உறங்கப்போன நேரத்தில் கவுஸ் பாய் நிலைப்படியில் வந்து நின்றார். வெளியே ஐப்பசி மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. ஜுலைகா சீஸ் உருண்டையைத் தேங்காய்த் துருவியில் வைத்து அழுத்தினாள். அது நாடா நாடாவாக விழுந்தது.

"சவுக்காரக் கட்டி மாதிரி இருக்குங்க."

"அதான் சீஸு. அடுப்புல ஏறினா அது வேற ஆளு."

பிறகு பால் டப்பாவைக் கையில் எடுத்து, அதன்மேல் இருந்த அரபு எழுத்தை, நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி, தொண்டையிலிருந்து எடுக்க வேண்டியதைத் தொண்டையிலிருந்து எடுத்து, கேட்பவர் மெய்மறக்கும்படி வாசித்தார். "ஹலீபுன்... முகஸ்ஸஃபுன்... முஹல்லா."

"அப்புடின்னா?"

"கெட்டிப் பாலு."

முதல் இரண்டு சொற்களுக்கு அது சரிதான். மூன்றாவது சொல்லுக்கு 'இனிப்புப் போட்டது' என்று பொருள். அந்த ஊரில் பிள்ளைகள் பல் முளைத்த கையோடு அரபு எழுத்துக் கூட்டத் தொடங்கிவிடும், பிழையில்லாமல் ஓதும். பொருள் வேண்டுமென்றால் பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கேட்க வேண்டும். பால் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஹஜ்ரத்திடம் போகிற வழக்கம் இல்லை. தம்மாமில் கவுஸ் பாய் கற்ற அரபு, வண்டி ஓட்டப் போதுமானது: போ, நில், சீக்கிரம், நேரே, நாளைக்கு. டப்பாவின் மறுபக்கம் இதே சங்கதியை இங்கிலீஷில் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அந்தப் பக்கம் சுவரைப் பார்த்திருந்தது.

டப்பாவைத் துளைத்ததும் பால் தேன் மாதிரி இறங்கியது. ஜுலைகா கையை எடுத்துவிட்டாள்.

"என்னங்க இது, ஒழுகவே மாட்டேங்குது?"

"சவுதிப் பாலு. அங்க மாடெல்லாம் ஏசியில கெடக்கு. பாலு இப்புடித்தான் வரும்."

"ஒரு சொட்டு வாயில விட்டுப் பாக்கறேனே."

"கரண்டியக் கீழ வையி" என்றார் கவுஸ் பாய். அந்த அடுப்படியில் இதுவரை கேட்டிராத குரல். "நம்ம வூட்டுல அந்தப் பழக்கம் கெடையாது. கிண்டு. மூணாவது கியரு."

கூழ் கொதித்தது. வீடு முழுக்கப் பால்கோவா கிண்டுகிற வாசனை எழுந்தது. ஜுலைகா அதையும் சொன்னாள். வெண்ணெய் மணம் அப்படித்தான் இருக்கும் என்றார். அடுத்த வீட்டு வீரம்மாள் கொல்லைப்புறச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "என்னங்க பாயம்மா, ராத்திரிக்கும் இனிப்பா?" என்று கேட்டாள். ஜுலைகா புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவர் கூழின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது வெள்ளையாக, பளபளவென்று, ஒரு கட்டியும் தட்டாமல், எகிப்துக்காரர் கிண்டியதைவிடவும் அழகாக இருந்தது. கவுஸ் பாய் உப்பைக் கையில் அள்ளி, கண்ணை இடுக்கி, நிறம் பார்த்துப் போட்டார்.

ரொட்டி அடுப்புக்கு ஊரில் ஒரே இடம் தர்மராஜின் பேக்கரி. தட்டின்மேல் துண்டைப் போட்டு மூடி, இரவல் டிவிஎஸ் ஃபிஃப்டியில் முன்னால் வைத்துக்கொண்டு, கவுஸ் பாய் மழைக்கு நடுவே ஒரு அமைச்சரை அழைத்துப் போகிற நிதானத்தோடு ஓட்டிப்போனார். பன் எடுத்து முடிந்த அடுப்பு இன்னும் கனன்றுகொண்டிருந்தது. தட்டு உள்ளே போய்ச் சற்று நேரத்தில் தர்மராஜ் மூக்கை உறிஞ்சினார்.

"ஆஹா! பாய், என்னா கேக்கு இது?"

"கேக்கு இல்ல. மக்ரோனா. அரபி அயிட்டம்."

"முந்திரி போட்டிருக்கீங்களா?"

"உள்ள கறி இருக்கு."

தர்மராஜ் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அடுப்பைப் பார்த்தார். "பெருநாளாச்சே" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கல்லாப்பக்கம் போய்விட்டார்.

தட்டு வெளியே வந்தபோது மேல்தோல் பொன்னாக உப்பி, ஓரங்களில் பாகு நிறத்தில் பளபளத்தது. கண்ணுக்கு இதைவிட அழகான ஒரு பண்டம் கிடையாது. கவுஸ் பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, குனிந்து, சுற்றிவந்து பார்த்து, ஒரு குறையும் இல்லையென்று கண்டார்.

இரவு சம்பந்தி வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். பெண்கள் உள்ளறையில், ஆண்கள் கூடத்தில். கூடத்தில் பாய் விரித்து நடுவில் சஹன் வைத்தாயிற்று. அந்தப் பெரிய வட்டத் தட்டைச் சுற்றி நாலுபேர் உட்கார்ந்து, அவரவர் பக்கத்திலிருந்து ஒன்றாகச் சாப்பிடுவது விருந்து முறை. அஸ்ஃபாக் உட்கார்ந்தார், அத்னான் உட்கார்ந்தான், அவன் சித்தப்பா ஒருவரும் உட்கார்ந்தார். கவுஸ் பாய் மக்ரோனாவைச் சதுரம் சதுரமாக வெட்டி, உள்ளறைக்குப் பாதியை அனுப்பி, மீதியைச் சஹனில் அடுக்கினார்.

புது மாப்பிள்ளைதான் முதல் வாய் வைக்க வேண்டும். அத்னான் வைத்தான். மென்றான். மெல்வது நின்றது. கண்கள் உள்ளறைத் திரைச்சீலையைத் தேடிப் போயின. அவன் சாப்பிட்டதில் சர்க்கரை இருந்தது, உப்பு இருந்தது, மிளகு இருந்தது, ஆடு இருந்தது.

"எப்புடி மாப்புள?"

"வித்தியாசமா இருக்கு மாமா."

"வித்தியாசமாத்தான் இருக்கும்" என்றார் கவுஸ் பாய், மனம் குளிர்ந்து. "இன்னொண்ணு வையுங்க."

அத்னான் வைத்தான். மாமியார் வீட்டில் முதல் பெருநாள் சாப்பிடுகிறவனுக்கு 'போதும்' என்ற சொல் கொடுத்துவைக்கவில்லை. அவன் சித்தப்பா தண்ணீர் குடித்தார். திரும்பவும் குடித்தார். அஸ்ஃபாக் ஒரு விள்ளலை வாயில் போட்டு, மண்டியில் புது மூட்டை அரிசியைக் கடித்துப் பார்க்கிறவர் மாதிரி, எங்கோ பார்த்துக்கொண்டு மென்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அப்போது உள்ளறையிலிருந்து அத்னானின் தாயார் குரல் தெளிவாக வந்தது. "மொதல்ல இனிப்பு வெச்சுட்டாங்களா? நல்லாத்தான் இருக்கு." அடுத்த விள்ளல் உள்ளே போயிருக்க வேண்டும். "யா அல்லா! இனிப்புக்குள்ள கறி கெடக்குடி!"

யாரோ சிரிப்பை முந்தானையால் பொத்துகிற சத்தம் கேட்டது. கூடத்தில் எல்லாரும் டியூப்லைட்டைப் பார்த்தார்கள்.

அஸ்ஃபாக் சஹனில் காலியாக இருந்த நாலாவது இடத்தைக் காட்டினார். "உக்காருங்க சம்பந்தி."

"நான் பரிமாறுறேனுங்க. நீங்க சாப்புடுங்க."

"சஹன்ல ஒரு ஆளு கொறையுது. நீங்க உக்காந்தாத்தான் இனி நாங்க கைய வெப்போம்."

அதற்குமேல் மறுக்க முடியாது. கவுஸ் பாய் கையைக் கழுவி, பிஸ்மி சொல்லி உட்கார்ந்து, தன் பக்கத்துச் சதுரத்திலிருந்து ஒரு விள்ளல் எடுத்து வாயில் வைத்தார்.

அவர் முகம் மாறவில்லை. அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும். மென்றார், விழுங்கினார், இரண்டாவது விள்ளலை எடுத்தார். தன் பக்கம் முடிந்ததும், எந்த விருந்திலும் யாரும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். கையை நீட்டி, மாப்பிள்ளை முன்னால் மிஞ்சிக் கிடந்ததைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு சித்தப்பா முன்னால் கிடந்ததை. அஸ்ஃபாக் தன் பங்கைத் தானே அவர் பக்கம் தள்ளிவிட்டார். கவுஸ் பாய் குனிந்த தலை நிமிராமல் அத்தனையையும் தின்று முடித்தார். ஜுலைகா கேட்காமலே மத்தியானப் பிரியாணியைச் சூடுபண்ணிக் கொண்டுவந்து வைத்தாள்.

கை கழுவும்போது அஸ்ஃபாக் சொன்னார். "கண்ணுக்கு ஒரு கொறையும் இல்ல சம்பந்தி."

கவுஸ் பாய் செம்பைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

"வர்ற வெள்ளிக்கெழம ஜும்மாவுக்கப்புறம் அந்தத் திருச்சி மாஸ்டரு பாடாலூருக்கு வர்றாரு. ஏதோ செஞ்சு காட்டறேங்கிறாரு. நீங்களும் இதையே இன்னொரு தரம் செஞ்சு கொண்டாங்க. ரெண்டையும் வெச்சுப் பாப்போம்."

"வந்துடறேனுங்க."

வேனில் ஏறுவதற்கு முன் ஆஃப்ரா அடுப்படிக்குள் வந்து, காலி டப்பாவைத் திருப்பி மறுபக்கத்தைப் படித்தாள். "அத்தா, இது பாயாசத்துக்குப் போடற பாலு."

"தெரியும்மா" என்றார் கவுஸ் பாய். அது உண்மைதான். தெரிந்து அரைமணி நேரம் ஆகியிருந்தது.

அதற்கப்புறம் வந்த நாட்களில் அவர் நிலைப்படியில் நிற்கவில்லை. ஜுலைகா குழம்பு கூட்டினாள். ஒரு கியரும் விழவில்லை. பள்ளிவாசலில் யாரோ, "என்ன கவுஸு, சம்பந்தி வூட்டுக்கு விருந்து அமர்க்களமாமே?" என்று கேட்டபோது, வெள்ளாற்றில் தண்ணீர் வந்துவிட்டதா என்று திருப்பிக் கேட்டார். சமாதானம் எதுவும் சொல்லவில்லை, டப்பாமீது பழி போடவில்லை, எகிப்துக்காரர்மீதும் போடவில்லை. ஜுலைகாவுக்கு இதுதான் பயமாக இருந்தது.

"வெள்ளிக்கெழம போறீங்களா, இல்லியா?" என்று வியாழக்கிழமை கேட்டாள்.

"போகாம? வரேன்னு சொல்லிட்டேன்ல."

"டப்பா இன்னும் ஒண்ணு இருக்கு."

"அத வீரம்மா வூட்டுக்குக் குடுத்துடு. நல்லுசாமிகிட்ட நாளைக்கு ரெண்டு படி பாலு கூடச் சொல்லிட்டேன்."

வெள்ளிக்கிழமை காலை, நல்லுசாமியின் மாடு கொடுத்த சாதாரணப் பால் அடுப்பில் இருந்தது. மைதா வறுபட்டு, வெண்ணெய் உருகி, கூழ் மெல்லத் திரண்டுகொண்டிருந்தது. கிண்டிக்கொண்டிருந்தவர் கவுஸ் பாய். லுங்கியை மடித்துக் கட்டி, அடுப்புக்கு எதிரே வியர்த்து நின்றார். ஜுலைகா அந்தப் பக்கம் திரும்பிக் கறிக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். அவர் உப்பை அள்ளினார். போட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் கூழைப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. பளபளவென்று இருந்தது. ஒரு கட்டியும் இல்லை. அன்றைக்கும் இப்படியேதான் இருந்தது.

கண்ணாடியை இறக்கினார். கரண்டியால் ஒரு சொட்டு எடுத்து இடது உள்ளங்கையில் விட்டுக்கொண்டு, வாசல்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, நக்கினார். உப்பு போதுமா என்று அவர் நாக்குக்குப் பிடிபடவில்லை போலிருக்கிறது. இன்னொரு சொட்டை எடுத்து நக்கினார்.

"ஜுலைகா."

அவள் அரிவாள்மனையிலிருந்து எழுந்து வந்தாள். வெங்காயக் கண்ணீரை முழங்கையால் துடைத்துக்கொண்டாள். அவர் கரண்டியில் ஆவி பறக்கும் கூழை எடுத்து, தன் வாய்க்கருகே கொண்டுபோய் ஊதி ஆற்றி, அவள் கையைப் பிடித்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டார்.

"உப்பு பாரு."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு உப்பு பார்த்தாள்.

"இன்னும் ஒரு சிட்டிகை."

ஒரு சிட்டிகை போட்டார். கிண்டினார். மறுபடியும் கரண்டியில் எடுத்து ஊதிக்கொண்டே, மற்றக் கையால் அவள் கைக்காகத் துழாவினார்.